நுனியில் உட்கார்ந்தவர்கள்

"ஒரே ஓனர்" என்று இனி எவனாவது என் காதுபடச் சொன்னால் அவன் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது. எனக்கு வயது அறுபத்துமூன்று. அடித்தால் என் கைதான் வலிக்கும். அதனால் எழுதுகிறேன்.

வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் வரிசை எண் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அதில் எழுதுவதுதான் என் வேலை. எந்த வண்டியையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகக் காகிதம் வரும், எண்ணைப் போடுவேன், முத்திரை குத்துவேன், காகிதம் போய்விடும். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு வெளியே என்னென்ன வியாபாரம் நடக்கிறது என்று சம்பளம் வாங்கிய காலத்தில் நான் யோசித்ததே கிடையாது.

நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே மாஸ்டரின் பட்டறை. கார்களுக்கு சீட் கவர் தைப்பவர். தெருவில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் சமையல்கட்டு, நடுவில் ஒரு துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் பசை வாசனையும் நுரைப்பஞ்சுத் தூளும். அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கும் வாசனை. அங்கே ராஜ்ஜியம் அவர் மனைவியுடையது. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற அம்மா. என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். வாரத்தில் இரண்டு நாளாவது அவள் குழம்பு எனக்கு மேலே ஏறி வந்துவிடும். ஆக, நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறு வருஷம் இருபது டப்பா, முப்பது டப்பா என்று ஓட்டியவளுக்கு இந்த வருஷம்தான் பெரிதாக ஒன்று அமைந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், மேட்டின் மேல் ஒரு பெரிய அலுவலகம். தினம் அறுபது சாப்பாடு. ஒரே நிபந்தனை: பன்னிரண்டரைக்கு மேஜையில் இருக்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று தடவை தாமதமானால் ஒப்பந்தம் ரத்து.

வாடகை வேன்காரனை நம்ப முடியாது. பத்து மணிக்கு வா என்றால் பதினொன்றரைக்கு வந்து பஞ்சர் கதை சொல்வான். சொந்த வண்டி வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. வண்டி ஓட்ட அவளுக்கே தெரியும், கல்யாணத்துக்கு முன்பு ஒரு மருந்துக் கம்பெனிக்காக ஓட்டியிருக்கிறாள். அந்த ஆறு வருஷச் சேமிப்பு ஒன்றும் சும்மா வந்ததில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியில் ரேகையே மழுங்கிப் போயிருக்கும்.

எங்கே வாங்குவது என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே வரவில்லை. பழைய கார் விற்கும் யார்டுக்காரர் ஒருவர் இருந்தார். மரியாதையாக யார்டுக்காரர் என்றே கடைசிவரை எழுதத்தான் பார்க்கிறேன், கை வரவில்லை. யார்டுக்காரன். பன்னிரண்டு வருஷமாக அவன் யார்டுக்கு வரும் வண்டிகளுக்கெல்லாம் மாஸ்டர்தான் சீட் கவர். மாதம் ஏழெட்டு வண்டி. பட்டறை ஓடியதே அவனால்தான்.

"ஊருக்கெல்லாம் எப்படி விக்கிறானோ, நமக்குத் தப்பா தர மாட்டான்" என்றார் மாஸ்டர்.

"ஏங்க, ஊருக்குத் தப்பா தர்றவன் நமக்கு மட்டும் எப்படிங்க சரியா தருவான்?" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நீ சும்மா இரு. பன்னெண்டு வருஷப் பழக்கம்."

ஒரு வியாழக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். காகிதம் பார்க்க நான். மழை வரப் போகிற புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டியது. தகரக் கூரைக்குக் கீழே பதினான்கு வண்டிகள் வரிசையாக நின்றன, எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று. ஒவ்வொரு கண்ணாடியிலும் மஞ்சள் அட்டை. பாதிக்கு மேல் 'ஒரே ஓனர்' என்றுதான் இருந்தது.

"மாஸ்டர், உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்று ஒரு வெள்ளை வண்டியின் கதவைத் திறந்தான் யார்டுக்காரன். "பாருங்க, இதுக்கு மட்டும் நான் சீட்டே மாத்தல. வந்தது வந்தபடி. உங்ககிட்ட நான் எதை மறைக்க முடியும் சொல்லுங்க? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மாஸ்டரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அவருக்கு ஒரு பெருமை உண்டு. சீட்டைப் பார்த்தே அந்த வண்டியின் ஜாதகத்தைச் சொல்வார். எந்தப் பக்கம் பஞ்சு அமுங்கியிருக்கிறது, எந்தத் தையல் முதலில் விட்டது என்பதை வைத்து, ஓட்டியவர் குண்டா ஒல்லியா, பின் பாக்கெட்டில் பர்ஸ் வைக்கிறவரா என்பது வரைக்கும் சொல்லுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அன்றும் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் சீட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இந்தா, இங்க வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். "ஓட்டுற சீட்டுல முதுகுப் பக்கம் பஞ்சு புதுசா இருக்கு. நுனி மட்டும் நசுங்கியிருக்கு. ஓட்டுனது ஒரு பொம்பளை. குள்ளமான ஆளு. பயந்து பயந்து நுனியில உக்காந்து ஓட்டிருக்கு. பக்கத்து சீட்டைப் பாரு, குழி விழுந்திருக்கு. வீட்டுக்காரரு நல்ல கனமான ஆளு. வண்டில எந்நேரமும் கூடவே உக்காந்து போயிருக்காரு. பின் சீட்டுல ஆளே உக்காரல."

"புள்ளைங்க இல்லையோ?"

"இல்ல போல."

"பாவம்" என்றாள். இல்லாத ஒரு தம்பதிக்காக உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

யார்டுக்காரன் அந்தக் கதையைத் திருத்தவில்லை. "மாஸ்டர், உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றான், அவ்வளவுதான். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. அவன் அன்றைக்கு அந்த வண்டியைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை! அட்டையில் ஒரே ஓனர் என்று இருந்தது, புத்தகத்திலும் அப்படியே இருந்தது. மீட்டரில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். அதுவும் திருத்தாத மீட்டர். பெயர், முகவரி, இன்ஜின் எண் எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் சரி பார்த்தேன். சொந்த உபயோக வண்டி என்று பதிவாகியிருந்தது.

"காகிதம் சுத்தம்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன நாக்கை என்ன செய்வது?

மாஸ்டர் கடைசியாகக் கீழே குனிந்து கார்ப்பெட்டைத் தடவினார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் அங்கே நாறும். முகர்ந்து பார்த்தார், வாசனை இல்லை. பக்கத்து சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே போனார். "தையலைப் பாருங்க சார், கம்பெனிக்காரன் போட்டது. கையே வைக்கல" என்றார் என்னிடம்.

பணம் கைமாறியது. உரிமை மாற்றும் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன், தங்கச்சி பெயரில். கையெழுத்தானது. "ரெண்டு வாரத்துல மாத்திக் குடுத்துடறேன், நீங்க எதுக்கு அலையணும்?" என்று அதை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தான்.

திங்கட்கிழமை முதல் சாப்பாடு போயிற்று. அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று அடுப்பு எரிந்தது. ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு, ஒன்றில் காய். மாஸ்டர் தையல் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு டப்பாக்களைத் துடைத்துத் துடைத்து வரிசையாக அடுக்கினார். நானும் ஊறுகாய்ப் பொட்டலம் வைத்தேன், மூடி போட்டேன். பன்னிரண்டு பத்துக்கு மேட்டின் மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள். திரும்பி வந்தவள் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "அந்த மேனேஜர் ரெண்டாந்தரம் குழம்பு கேட்டாருண்ணே" என்றாள்.

கிளச் மட்டும் கொஞ்சம் மேலே பிடிக்கிறது என்றாள். முதல் கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வருகிறது என்றாள். பழகிவிடும் என்றார் மாஸ்டர்.

அடுத்த வாரம் புதன்கிழமை மழை. பாலத்து ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றது. இவளும் நிறுத்தினாள். மறுபடி எடுக்கும்போது முதல் கியர் விழவேயில்லை. இரண்டாவதில் எடுத்தால் வண்டி பின்னால் உருள்கிறது. கிளச் தேய்ந்து புகை வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்கள். ஒருவன் இறங்கி வந்து, "ஓட்டத் தெரியலன்னா எதுக்கும்மா ரோட்டுக்கு வர்றீங்க?" என்று கேட்டானாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டத் தெரிந்தவளை!  அறுபது டப்பாவையும் நனையாமல் வேறு ஒரு வேனுக்கு மாற்றி, கொண்டுபோய் வைத்தபோது மணி ஒன்று பத்து.

"இது ஒண்ணு" என்றாராம் மேனேஜர். குழம்பு இரண்டாம் தரம் கேட்டவர்தான்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து மெக்கானிக்கிடம் விட்டோம். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து முன் பம்பரைத் தட்டிப் பார்த்தார், ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து கிளச்சை மிதித்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் இறங்கி அந்தப் பக்கம் போய், பக்கத்து சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. பசை பிய்ந்து வந்தது. தகரத்தில் இரண்டு ஓட்டை. பட்டி வைத்து அடைத்து மேலே கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள்.

"நெனச்சேன்" என்றார். "இது என்னன்னு தெரியுதா சார்? இங்க ஒரு பிரேக், ஒரு கிளச் இருந்துச்சு. கத்துக் குடுக்கிற வாத்தியார் மிதிக்கிறதுக்கு. இது டிரைவிங் ஸ்கூல் வண்டி."

தங்கச்சி குனிந்து அந்த ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"போர்டு வைக்காம, சொந்த வண்டின்னு பதிஞ்சு, தனியா சொல்லிக் குடுக்கிறவன் எவனாவது இருப்பான். ஒரே ஓனர்தான். ஆனா எத்தனை கால் மிதிச்சதுன்னு எவன் எண்ணுனான்? ஒவ்வொரு காலும் மொத மொதலா கிளச்சைத் தொடுற காலு. மைதானத்துக்குள்ளயே சுத்துனா கிலோமீட்டர் எங்க ஏறும்? ஆனா கியர் பாக்ஸ் செத்திருக்கும். இதை இறக்கிச் சரி பண்ணப் பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்."

மாஸ்டர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நுனியில் உட்கார்ந்த அந்தக் குள்ளமான அம்மா. கனமான கணவர். "நுனியில உக்காந்தது ஒரு பொம்பளை இல்ல சார்" என்றார் மெதுவாக. "ஊரே உக்காந்திருக்கு."

பிறகு அந்தக் கார்ப்பெட்டைத் தூக்கிப் புரட்டினார். பின்பக்கம் மூலையில் சாக்பீஸால் ஒரு குறி இருந்தது, ஒரு வட்டமும் அதற்குள் ஒரு கோடும். அளவெடுத்து வெட்டும் ஒவ்வொரு துண்டிலும் அவர் போடுகிற குறி அது.

"இது நான் வெட்டுனது" என்றார். "மூணு மாசம் முன்னாடி. இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு துண்டு வேணும், விளிம்பு கம்பெனி மாதிரி இருக்கணும்னு யார்டுக்காரன் ஆள் அனுப்பி அளவு குடுத்தான். எந்த வண்டிக்குன்னு கேக்கவே இல்ல நான்."

கம்பெனி தைத்தது என்று அவர் அன்று மெச்சியது அவருடைய தையலைத்தான். தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம்தான் மூக்குக்கு மேல் வந்தது.

அன்று மாலையே யார்டுக்குப் போனோம். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இன்னும் மூன்று டீ சொன்னான். யாரும் தொடவில்லை.

"டிரைவிங் ஸ்கூல் வண்டிய எங்க தலைல கட்டிட்டீங்களே, இது நியாயமா?" என்றாள் தங்கச்சி.

"நான் என்னம்மா சொன்னேன்? ஒரே ஓனர்னு சொன்னேன். அது பொய்யா? சார், நீங்க படிச்சவரு, அந்த ஆபீஸ்லயே இருந்தவரு, நீங்களே சொல்லுங்க. புக்கைப் பாத்தீங்களா இல்லையா?"

"யாரு ஓட்டுனாங்கன்னு புக்ல எழுதாதுய்யா!" என்றேன். "யார் பேர்ல இருக்குன்னுதான் எழுதும். அது உனக்குத் தெரியும்."

"தெரியும். உங்களுக்கும்தான் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? மாஸ்டர் பாட்டுக்கு அம்மா ஓட்டுச்சு, ஐயா கூட உக்காந்தாருன்னு கதை சொன்னாரு. நான் குறுக்க பேசலாமா?"

மாஸ்டர் மேஜையருகே வந்தார். "சீட்டை மாத்தாம வச்சீங்களே முதலாளி" என்றார். "நான் இப்படித்தான் படிப்பேன்னு தெரிஞ்சுதானே வச்சீங்க?"

யார்டுக்காரன் டம்ளரைக் கீழே வைத்தான். "மாஸ்டர், பன்னெண்டு வருஷமா எத்தனை வண்டிக்குத் தைச்சிருக்கீங்க? கிழிஞ்ச சீட்டு, வாந்தி எடுத்த சீட்டு, தண்ணியில ஊறுன சீட்டு. அது மேல புதுசா போட்டுக் குடுத்தது யாரு? அதைப் பாத்துத்தான் ஜனங்க ஒரே ஓனர்னு நம்பி வாங்குது. அப்பல்லாம் கூலி வாங்கிட்டுப் போனீங்க. இப்ப உங்க வீட்டுக்கு வந்தவுடனே நியாயம் கேக்குறீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலத்தான் இருந்தது. எனக்கே அப்படியென்றால் மாஸ்டருக்கு? கோடிக் கணக்கில் திருடியவன்கூட அப்படித் தலை குனிந்து நின்றிருக்க மாட்டான். உண்மையில் திருடியவனோ டீயைக் கையில் எடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

பிறகு அவனே இறங்கி வந்தான். "சரி, பழக்கம் கெட வேணாம். பணமா திருப்பித் தர முடியாது, என்கிட்ட இல்ல. அதோ அந்தச் சின்ன வேன் நல்ல வண்டி, வேணும்னா உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாத்துக்கங்க. அதை எடுத்துக்கங்க. ஆனா இந்த வெள்ளை வண்டியை நான் விக்கணும். கியர் பாக்ஸை நான் ஒப்பேத்திக்கறேன். சீட்டு ரெண்டுக்கும் பஞ்சு மாத்திக் கவர் போட்டு, கார்ப்பெட்டை நல்லா ஒட்டிக் குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு பார்ட்டி வருது. வித்த உடனே வேன் சாவி உங்க கையில."

"எங்க பேருக்குத்தான் மாத்தியாச்சே?" என்றாள் தங்கச்சி.

"எங்கம்மா மாத்துனேன்?" இழுப்பறையைத் திறந்து காட்டினான். நான் நிரப்பிய விண்ணப்பம் அப்படியே கிடந்தது. "இது இன்னும் ஒரே ஓனர் வண்டிதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வாரம் என்று அவன் சொன்னது சோம்பலால் இல்லை. பாலத்தில் மழையில் நின்று, ஊரார் வாயில் விழுந்து, ஆறு வருஷச் சேமிப்பைக் கொட்டியவள் அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. இன்னும் பத்துப் பேரிடம் இப்படிப் போய் வந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒன்று என்றுதான் இருக்கும். எனக்கு அங்கேயே அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதைக் கேட்கக் கூடாதுதான். திரைதானே, கேட்டது.

"நான் தைக்க மாட்டேன்" என்றார் அவர்.

"தைங்க."

"தெரிஞ்சே இன்னொருத்தன் தலைல..."

"இவ்வளவு நாளா தெரியாமலா தைச்சீங்க? எனக்கு வேன் வேணும். வியாழன், வெள்ளி எப்படி ஓட்டப் போறேன்னே தெரியல. இன்னும் ரெண்டு தடவை லேட்டானா எல்லாம் போச்சு. அறுபது பேரு சாப்பாடுங்க. எத்தனை வருஷம் காத்திருந்தேன் இதுக்கு? யாரு வாங்குனா எனக்கென்ன? நம்மளை நெனச்சு எவன் அழுதான்?"

 வியாழக்கிழமை வாடகை வேன் வந்தது, தப்பித்தாள். வெள்ளிக்கிழமை அதே வேன்காரன் இருபது நிமிஷம் தாமதம். மேனேஜர் இரண்டு என்று விரலைக் காட்டினாராம். வண்டியை யார்டுக்காரன் இழுத்துக்கொண்டு போய், சீட்டு இரண்டையும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தான். சனிக்கிழமை காலை மாஸ்டர் மெஷினில் நூல் கோத்தார். நாள் முழுக்கத் தைத்தார். பழைய பஞ்சை உரித்து எடுத்தபோது அந்தக் குழிவிழுந்த சீட்டிலிருந்து வாத்தியாரின் வியர்வை நாற்றம் வந்தது. மதியம் சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் யார்டுக்குப் போனோம். வெள்ளை வண்டி புத்தம் புதிது மாதிரி நின்றது. வாங்க வந்தவர்கள் மூன்று பேர்: கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண், அவள் கணவர், இடுப்பில் ஒரு குழந்தை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையாம். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பப் பஸ் இல்லையாம். அவள்தான் ஓட்டப் போகிறாள்.

"ஒரே ஓனர்ங்களா?" என்று கேட்டாள்.

"புக்கைப் பாத்துக்கங்கம்மா" என்றான் யார்டுக்காரன். பிறகு மாஸ்டரைக் காட்டினான். "இவருகிட்ட கேளுங்க. ஊர்ல பெரிய சீட் மாஸ்டர். சீட்டைப் பாத்தே வண்டியைப் பத்தி எல்லாம் சொல்லுவாரு."

மாஸ்டர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அந்தப் பெண் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். புதுச் சீட்டு, கூச்சமாக நுனியில் உட்கார்ந்தாள். குழந்தை ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தது.

"ஏற்றத்துல நல்லா ஏறுங்களா? எங்க வீடு மேட்டுல" என்றாள் யாரிடமோ.

வேன் சாவி யார்டுக்காரன் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. தங்கச்சி அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அடுத்த நிமிஷம் அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, கார்ப்பெட்டைப் பிடித்து இழுத்தாள். புதுப் பசை, லேசில் வரவில்லை. காலைக் கதவில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். வந்துவிட்டது.

"ஏறாதும்மா" என்றாள். "நான் ஓட்டிட்டேன். பாலத்துல நின்னுட்டேன். எறங்கி வந்து இந்த ஓட்டையைப் பாரு."

யார்டுக்காரன் கத்தினான். என்ன கத்தினான் என்று எழுத எனக்கு வாய் கூசுகிறது. நர்ஸ் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஓட்டையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தீர்களா? அவள் பக்கத்து வண்டியைக் காட்டி, "அப்ப அது எத்தனை ஓனருங்க?" என்று கேட்டாள். அதிலும் மஞ்சள் அட்டை இருந்தது. பாவம், அவளுக்கும் கேட்க வேறு கேள்வி தெரியவில்லை. நாங்களும் அதைத்தானே கேட்டோம்.

அப்போதுதான் மாஸ்டருக்குக் குரல் வந்தது.

"அது நான் தைச்சது" என்றார். "பழைய சீட்டைப் பிரிச்சப்ப அடியில சில்லறையும் பஸ் டிக்கெட்டும் ஒரு கைப்பிடி இருந்துச்சு. வாடகைக்கு ஓடுன வண்டி." அடுத்த வண்டிக்கு நடந்தார். "இதுவும் நான் தைச்சதுதான். பஞ்சுக்குள்ள ஆத்து மணல் இருந்துச்சு. மூணு தடவை வெயில்ல காயப் போட்டேன்." அடுத்தது. "இது பின் சீட்டே இல்லாமத்தான் வந்துச்சு, மூட்டை ஏத்துன வண்டி. சீட்டு வேற வண்டியில இருந்து வந்துச்சு." ஒவ்வொரு கூரையிலும் கையால் தட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டு வருஷமும் யாரிடமும் சொல்லாமல் அவர் விரல்கள் தெரிந்து வைத்திருந்தது எல்லாம் வந்து விழுந்தது. "இது நல்ல வண்டி. இதை வேணா பாரும்மா" என்று ஒன்றின் முன்னால் நின்று சொன்னார். அதில் ஒரே ஓனர் அட்டை இல்லை. மூன்றாவது ஓனர் என்று இருந்தது.

யார்டுக்காரன் வெள்ளை வண்டியின் சாவியைத் தங்கச்சியின் காலடியில் வீசினான். "எடுத்துட்டுப் போ உன் வண்டியை! வேனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாளைக்கு எதுல கொண்டு போவ சாப்பாடு?"

"தலைல கொண்டு போவேன்" என்றாள். சாவியைப் பொறுக்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. நாளைக்கு மூன்றாவது தாமதம் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? "என் வண்டின்னு சொல்லிட்டீங்கல்ல? அப்ப அந்த ஃபாரத்தை எடுங்க. அண்ணே, நீங்க கூட நின்னு என் பேருக்கு மாத்திக் குடுங்க. ரெண்டாவது ஓனர்."

நான் கையை நீட்டினேன். வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார்டுக்காரன் இழுப்பறையைத் திறந்து, காகிதத்தைக் கசங்கும்படி என் கையில் திணித்தான்.

"யோசிச்சுக்க" என்றான் அவளிடம். "ரெண்டாவது ஓனர்னு விழுந்துட்டா அப்புறம் எவனும் இதை நம்பி வாங்க மாட்டான்."

"நம்பி வாங்க வேணாம்" என்றாள் அவள். "பாத்து வாங்கட்டும்."